பழைய வேனின் எஞ்சின்: குளிராக்கல் தொகுதியும் வீட்டுப் பராமரிப்பும்

அலகு: எஞ்சின்களின் பராமரிப்பு

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• டீசல் எஞ்சினொன்றின் கொள்ளளவைக் கணிப்பீர்கள்.
• எஞ்சின் மிகையாகச் சூடாவதற்கான காரணங்களை ஒழுங்குமுறையாகக் கண்டறிவீர்கள்.
• எந்தப் பழுதை நாமே திருத்தலாம், எதனைக் கராஜுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் எனப் பிரித்தறிவீர்கள்.

1. அறிமுகம்

கற்பிட்டி வீதியில் நின்று பார்த்தால் இருபது, முப்பது வருடம் ஓடிய வேன்கள் இன்றும் ஓடுவதைக் காண்பீர்கள். மீன் பெட்டி ஏற்றுவதும், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதும், பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தையும் அடுப்பும் வைத்துப் "படுக்கை வேனாக" மாற்றிக் கடற்கரைக்குப் பயணம் போவதும் இவையே. இலங்கையில் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. இக்காலத்தில் கையில் இருந்த வாகனத்தைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆகவே எஞ்சின் பராமரிப்பு என்பது பரீட்சைக்கான பாடம் மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் பிழைப்போடு தொடர்புடைய விடயமும் ஆகும்.

2. எஞ்சினை அறிந்துகொள்வோம்

நாலடிப்பு முறையில் இயங்கும் எஞ்சினை 1876 இல் ஜேர்மனியரான நிக்கொலாஸ் ஒட்டோ வெற்றிகரமாக இயக்கினார். ருடோல்ப் டீசலின் எஞ்சின் 1897 இல் வெற்றிகரமாகப் பரீட்சிக்கப்பட்டது. பெற்றோல் எஞ்சினில் தீப்பொறியால் தகனம் தொடங்குகிறது. டீசல் எஞ்சினிலோ வளி மட்டும் உறிஞ்சப்பட்டு மிகையாக அமுக்கப்படுகிறது. அதனால் வளியின் வெப்பநிலை உயர்கிறது. அச்சூடான வளியினுள் விசிறப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது.

எமது நாட்டில் நன்கு அறியப்பட்ட டொயோட்டா ஹையேஸ் வேன்களில் பொருத்தப்பட்ட எஞ்சின்களுள் ஒன்று "2 எல்" வகை டீசல் எஞ்சின் ஆகும். இதில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீற்றர். அடிப்பு நீளமும் 92 மில்லிமீற்றர். அமுக்க விகிதம் ஏறத்தாழ 22 : 1.

உதாரணக் கணிப்பு

சிலிண்டரின் ஆரை = 9.2 ÷ 2 = 4.6 சென்ரிமீற்றர்
குறுக்குவெட்டுப் பரப்பளவு = 3.14 × 4.6 × 4.6 = 66.4 சதுர சென்ரிமீற்றர்
ஒரு சிலிண்டரின் அடிப்புக் கனவளவு = 66.4 × 9.2 = 611 கன சென்ரிமீற்றர் (அண்ணளவாக)
எஞ்சின் கொள்ளளவு = 611 × 4 = 2444 கன சென்ரிமீற்றர்

கையேடுகளில் இது 2446 எனக் காணப்படும். இடைப்படிகளில் எண்களை மட்டந்தட்டியதே இச்சிறு வேறுபாட்டுக்குக் காரணம். அடுத்து,

வெளிக் கனவளவு = அடிப்புக் கனவளவு ÷ (அமுக்க விகிதம் − 1) = 611 ÷ 21 = 29 கன சென்ரிமீற்றர்

இந்த விடையோடு நின்றுவிடாதீர்கள். 29 ஐ 66.4 ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 0.44 சென்ரிமீற்றர் வரும். அதாவது முசலம் (பிஸ்டன்) உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே எஞ்சும் இடைவெளி, எல்லாவற்றையும் சமமாகப் பரப்பினாலும், 4.4 மில்லிமீற்றர்தான். இவ்வகை எஞ்சினில் இக்கனவளவின் ஒரு பகுதி ஹெட்டிலுள்ள சிறு தகன அறையில் இருப்பதால் உண்மையான இடைவெளி இன்னும் குறைவு. ரைமிங் பெல்ற் அறுந்தால், திறந்தபடி நிற்கும் வால்வை முசலம் மோதி வளைத்துவிடுவது இதனாலேயே. எனவே ரைமிங் பெல்ற்றை உற்பத்தியாளர் குறித்த தூரத்தில், பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டே மாற்ற வேண்டும்.

3. நீரா, வளியா?

எரிபொருளிலிருந்து கிடைக்கும் சக்தி முழுவதும் சில்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு புகையுடன் செல்ல, இன்னொரு பங்கைக் குளிராக்கல் தொகுதி அகற்றுகிறது.

உலகெங்கும் படுக்கை வேன் என்றவுடன் பலருக்கு நினைவு வருவது 1950 இல் உற்பத்தி தொடங்கிய வொக்ஸ்வாகன் வேன் ஆகும். அதன் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. ஆரம்பத்தில் அதற்கு ரேடியேற்றர் கிடையாது. விசிறி தள்ளும் வளியே சிலிண்டர்களைக் குளிராக்கியது. அந்த வேன் பிரேசிலில் 2013 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஆயினும் இறுதி வருடங்களில் அங்கும் நீர்க் குளிராக்கலுக்கு மாறிவிட்டனர்.

எமது வேன்கள் நீரால் குளிராக்கப்படுபவை. அவற்றின் பிரதான பகுதிகளும் தொழில்களும் பின்வருமாறு:

• நீர்ப் பம்பி – நீரைத் தொகுதியினூடாகச் சுற்றியோடச் செய்தல்.
• தேமோஸ்ரற் – எஞ்சின் சூடாகும் வரை ரேடியேற்றருக்கான வழியை மூடி வைத்தல். பெரும்பாலும் 80 – 90 பாகை செல்சியசுக்கு இடையில் திறக்கத் தொடங்கும்.
• ரேடியேற்றர் – நீரின் வெப்பத்தை வளிக்குக் கடத்துதல்.
• விசிறியும் பெல்ற்றும் – ரேடியேற்றரினூடாக வளியை இழுத்தல்.
• அமுக்க மூடி – தொகுதியின் அமுக்கத்தை உயர்த்தி நீரின் கொதிநிலையை உயர்த்துதல்.

4. சம்பவம்: கற்பிட்டியில் நின்றுபோன வேன்

பின்வரும் நிகழ்வைக் கற்பனை செய்து பாருங்கள். ஓகஸ்ற் மாதம், தென்மேல் பருவக் காற்று பலமாக வீசுகிறது. புத்தளத்திலிருந்து புறப்பட்ட குடும்பமொன்று பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலையைக் கடந்து, கற்பிட்டிக் கரையோர மணற்பாதையில் தமது பழைய வேனை இறக்குகிறது. வேகம் குறைவு. ஆனால் முதலாம் கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. வெப்பநிலை காட்டி சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. முன் இருக்கையின் கீழிருந்து ஆவி வருகிறது. பின்னால் இருந்த மாமா, "மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்று" என்கிறார்.

நீங்கள் அந்த வேனில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

மூடியைத் திறக்கக் கூடாது. காரணத்தை விஞ்ஞான பாடத்தில் கற்றுள்ளீர்கள். அமுக்கம் கூடும்போது கொதிநிலை உயரும். சாதாரண ரேடியேற்றர் மூடி தொகுதியின் அமுக்கத்தை வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. ஆகவே உள்ளே இருக்கும் நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. 118 – 120 பாகை அளவிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அமுக்கம் வீழ்ந்து, 100 பாகையைத் தாண்டி நிற்கும் நீர் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பீறிடும். இப்படி முகமும் கையும் வெந்தவர்கள் பலர்.

சரியான ஒழுங்கு:
(1) வாகனத்தை ஓரமாக நிறுத்தி, குளிர்சாதனத்தை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்துதல்.
(2) ஆவி அடங்கிய பின்னர் இருக்கையைத் தூக்கி, காற்றுப் புக விடுதல். ஹையேஸ் போன்ற வேன்களில் எஞ்சின் முன் இருக்கைகளின் கீழ் இருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது.
(3) ஒரு மணித்தியாலமாவது பொறுத்திருத்தல். மேல் ஹோஸைக் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின்னரே, தடித்த துணியால் மூடியைப் பிடித்து, முதற்படி வரை மட்டும் திருப்பி, எஞ்சிய அமுக்கத்தை வெளியேற்றுதல்.
(4) நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுதல். சூடான எஞ்சினில் குளிர்நீரை ஒரேயடியாக ஊற்றினால் உலோகம் சமனற்றுச் சுருங்கி ஹெட் வெடிக்கக்கூடும்.

5. காரணத்தைத் தேடுதல்

எளியதும் செலவற்றதுமான சோதனையிலிருந்து தொடங்குவதே திருத்துநரின் பழக்கம். கண்டதையெல்லாம் மாற்றுவது திருத்தமன்று.

(அ) நீர் கசிகிறதா? ஹோஸ் இணைப்பு, ரேடியேற்றர், நீர்ப் பம்பியின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் ஈரத்தைத் தேடுங்கள். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப் ஆகியவற்றை நீங்களே மாற்றலாம்.

(ஆ) பெல்ற் தளர்ந்துள்ளதா? எஞ்சின் நின்றிருக்கும்போது பெல்ற்றின் நீண்ட பகுதியைப் பெருவிரலால் அழுத்துங்கள். சாதாரணமாக 1 சென்ரிமீற்றர் அளவில் தாழும். அதிகம் தாழ்ந்தால் விசிறியும் பம்பியும் வழுக்கிச் சுழலும்.

(இ) ரேடியேற்றர் அடைபட்டுள்ளதா? வெளியே மணலும் பூச்சியும், உப்புக் காற்றில் அரிப்புற்ற மெல்லிய தகடுகளும் வளியைத் தடுக்கும். கடற்கரைப் பயணத்தின் பின்னர் நன்னீரால் மெதுவாகக் கழுவுங்கள். பலத்த நீர்த்தாரை தகடுகளை மடித்துவிடும்.

உள்ளே அடைபடுவதற்கு எமது பிரதேசத்தில் விசேட காரணம் உண்டு. புத்தளம் சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி. அருவக்காட்டிலிருந்து சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் எடுப்பது இதனாலேயே. இத்தகைய நிலத்தின் கிணற்று நீர் வன்னீராக இருக்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே ரேடியேற்றரின் குழாய்களிலும் படியும். அப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. கரையோரக் கிணறுகளில் உப்பும் கலந்திருந்தால் அரிப்பு மேலும் விரைவாகும். ஆகவே காய்ச்சி வடித்த நீரும் கூலன்ற்றும் கலந்து பயன்படுத்துங்கள். கூலன்ற் குளிர் நாடுகளுக்கு மட்டுமானது என எண்ணுவது தவறு. அது துருவைத் தடுப்பதுடன் கொதிநிலையையும் உயர்த்துகிறது.

(ஈ) தேமோஸ்ரற் திறக்கிறதா? கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் அடியில் முட்டாமல் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடாக்குங்கள். அதில் பொறிக்கப்பட்ட வெப்பநிலைக்கு அண்மையில் திறக்க வேண்டும். நீர் கொதித்தும் திறக்காவிடின் புதியது வாங்குங்கள். "எங்கள் நாடு சூடானது, தேமோஸ்ரற் தேவையில்லை" எனச் சிலர் அதனைக் கழற்றி எறிவர். அப்போது எஞ்சின் தக்க வெப்பநிலையை அடையத் தாமதமாகும். எரிபொருள் செலவும் தேய்வும் கூடும்.

(உ) ஹெட் கஸ்கற் பழுதா? ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, பின்னர் இயக்கிப் பாருங்கள். இடைவிடாது குமிழி வந்தாலோ, எண்ணெய் அளவுகோலில் பால்தேநீர் நிறம் தெரிந்தாலோ, புகைக்குழாயில் வெண்ணிற ஆவி நிற்காமல் வந்தாலோ கஸ்கற் பழுதென ஐயுறலாம். இது வீட்டில் செய்யும் வேலையன்று. வேனை ஓட்டாது இழுத்துச் செல்லுங்கள். வளைந்த ஹெட்டைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் இழுத்துச் செல்லும் செலவு சிறிது.

எமது சம்பவத்தில் நீர்க்கசிவு இல்லை. குமிழியும் இல்லை. பெல்ற்றோ 3 சென்ரிமீற்றர் தாழ்ந்தது. பெல்ற்றை இறுக்கி, நீரை நிரப்பியதும் வேன் வீடு திரும்பியது. மூடியை அவசரப்பட்டுத் திறந்திருந்தால் அன்றைய பயணம் வைத்தியசாலையில் முடிந்திருக்கும்.

6. வேறு சிறு பழுதுகள்

எரிபொருட் குழாயில் வளி: தாங்கியில் டீசல் முற்றாகத் தீர்ந்தால் குழாயினுள் வளி புகும். டீசல் நிரப்பினாலும் எஞ்சின் இயங்காது. வளி அமுங்கிவிடுவதால் விசிறிக்குத் தேவையான அமுக்கம் உருவாவதில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தைப் போல் தாங்கியை அடிவரை பயன்படுத்தும்போது இது நேரும். வடிகட்டியின் மேலுள்ள கைப் பம்பியை, கடினமாகும் வரை அமுக்கி வளியை வெளியேற்றலாம். இயங்கும் எஞ்சினின் உயரமுக்கக் குழாய்க் கசிவை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அத்தாரை தோலைத் துளைத்துச் செல்லும்.

பற்றரி முனைகள்: படிந்த வெண்பச்சைப் படிவை அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, உலர்த்தி, கிறீஸ் பூசுங்கள். கழற்றும்போது மறை முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். இல்லையேல் சாவி வாகன உடலில் பட்டுக் குறுஞ்சுற்று ஏற்படலாம்.

7. பாதுகாப்பு

• மணலில் ஜக் புதையும். அதன் கீழ்த் தடித்த பலகை வையுங்கள். சில்லுகளுக்குத் தடை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வேனின் கீழே படுக்காதீர்கள்.
• மூடிய இடத்தில் எஞ்சினை இயக்காதீர்கள். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. உறங்குபவர் விழித்தெழமாட்டார்.
• கழிவு எண்ணெயை மணலில் ஊற்றாதீர்கள். கற்பிட்டியில் அந்த மணலின் கீழேதான் கிணற்று நீர் இருக்கிறது. கூலன்ற் நச்சுத்தன்மை உடையது. நாய்களும் பூனைகளும் அதனை நக்கக்கூடும்.

பயிற்சி

1. ரேடியேற்றர் மூடி அமுக்கத்தை உயர்த்துவதன் நோக்கம்,
(1) நீரை வேகமாக ஓடச் செய்தல் (2) கொதிநிலையை உயர்த்தல் (3) துருவைத் தடுத்தல் (4) விசிறியைச் சுழற்றல்

2. அடிப்புக் கனவளவு 400 கன சென்ரிமீற்றர், அமுக்க விகிதம் 21 : 1 எனின் வெளிக் கனவளவு யாது?

3. "கிணற்று நீர் கைவசம் இருக்கும்போது காய்ச்சி வடித்த நீர் வாங்குவது வீண்செலவு." புத்தளம் பிரதேசத்தைக் கருத்திற்கொண்டு இக்கூற்றை மறுத்து இரு காரணங்கள் தருக.

விடைகள்: 1 – (2). 2 – 400 ÷ 20 = 20 கன சென்ரிமீற்றர். 3 – வன்னீரால் படிவு உண்டாகி வெப்பக் கடத்தல் குறையும். உப்பால் உலோகம் அரிப்புறும்.

பரீட்சைக் குறிப்பு: இரண்டாம் வினாவில் 21 ஆல் வகுத்துப் புள்ளியை இழப்போர் அதிகம். அமுக்க விகிதத்திலிருந்து ஒன்றைக் கழிக்க மறவாதீர்கள். வாய்ப்புக் கிடைத்தால், இவ்வார இறுதியில் வீட்டிலோ அயலிலோ உள்ள வாகனமொன்றின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, ஆறிய எஞ்சினில் பெல்ற், ஹோஸ், எண்ணெய் மட்டம் ஆகிய மூன்றையும் பாருங்கள். கண்டதைக் கொப்பியில் எழுதுங்கள்.