சந்தை விசாரணை: கம்பம் பள்ளத்தாக்கை முன்னிட்டுச் சில குறிப்புகள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டில் சிறுவரும் அறிந்த பழமொழி. அரிசி மண்டிக்காரர் மூட்டையின் வயிற்றில் குத்தூசியைச் செலுத்தி, அதன் வழியே வந்து விழும் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையிற் பரப்பிப் பார்த்து, நூறு மூட்டைக்கு விலை பேசி முடிக்கிறார். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வரும் வியாபாரிகளும், ஒவ்வொரு குவியலினின்றும் எடுத்தளிக்கப்பட்ட சிறு மாதிரியின் நிறத்தையும் பருமனையும் நோக்கியே விலை கூறுகின்றனர். சிறிதைக் கொண்டு பெரிதை அறியும் இக் கலையை மேல்நாட்டார் ஒரு சாஸ்திரமாக வளர்த்திருக்கின்றனர். இன்ன பண்டத்தை யார் வாங்குகின்றனர், எவ்வளவு வாங்குகின்றனர், எவ் விலைக்கு மேற்பட்டால் வாங்காது விடுகின்றனர் என்பவற்றை முறைப்படி கேட்டும் கண்டும் அறிவதற்குச் சந்தை விசாரணை என்று பெயர். வணிகவியல், பொருளாதாரம் பயிலும் நம் மாணாக்கர் விடுமுறையில் இத்தகைய விசாரணைக்குச் செல்வது இக்காலத்து வழக்கமாகிவிட்டமையால், அதனைப்பற்றிச் சில எழுதப் புகுந்தோம்.

மேற்கூறிய பழமொழியில் ஒரு நிபந்தனை மறைந்து கிடக்கிறது. பானை ஒன்றாயிருத்தல் வேண்டும்; அடுப்பும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அடியிற் குழைந்து மேலே விறைத்து நிற்கும் சோற்றில் மேற்பருக்கை ஒன்றை நசுக்கிப் பார்ப்பவள் ஏமாறுவாள். கம்பம் பள்ளத்தாக்கோ ஒரு பானையன்று. 1895-ஆம் ஆண்டு பெரியாற்று நீர் மலையைத் துளைத்து இப்பக்கம் திரும்பிய பின்னர், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் வயலாயிற்று. அவ் வயலையடுத்துத் திராட்சைப் பந்தலும் வாழையும் தென்னையும் இருக்கின்றன. தேவாரம் பக்கத்துப் புன்செய்க்காரர் மழையையும் கிணற்றையும் நம்பியிருப்பவர். மேற்கே மலையேறினால் ஏலத்தோட்டம். வீட்டிலே தமிழ் பேசுவோரும், தெலுங்கு பேசுவோரும், கன்னடம் பேசுவோரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். இத்தனை பானைகளிலும் தனித்தனியே ஒரு சோறு எடுத்துப் பார்த்தாலன்றிப் பள்ளத்தாக்கின் பதம் தெரிய வராது.

இதிற் பிழை நேர்ந்தால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் அறுவடை நடந்துகொண்டேயிருப்பது இப் பள்ளத்தாக்கின் சிறப்பு. பழமோ நெடுநாள் தாங்காது. பறித்த சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாசிக்கு விதையில்லாத் திராட்சை தென்னாட்டுக் கடைகளில் வந்து குவியும். அம் மாதங்களில் மட்டும் விலை விசாரித்து ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டவர், பன்னீர் திராட்சையை யாரும் விரும்புவதில்லை என்று எழுதிவிடுவர். நாசிக்குப் பழம் வாராத காலத்தில் மட்டும் விசாரித்தவரோ, இதனைப்போல் ஆதாயமுள்ள பயிர் வேறில்லை என்று எழுதுவர். சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ ஒரு குடியானவர் கடன் வாங்கிக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தலிடுவது இத்தகைய எழுத்தை நம்பியாயின், விசாரித்தவரின் சோம்பலுக்கு அவரன்றோ வட்டி கட்டுகிறார்! ஆகவே, காலத்திலும் மாதிரி எடுத்தல் வேண்டும். ஒரே கடையை வெவ்வேறு மாதங்களிற் சென்று காணல் வேண்டும்.

எண்ணிக்கை மிகுந்தால் உண்மை தானே வந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். 1936-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை ஏறக்குறைய 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அஞ்சலில் அனுப்பியது. திரும்பி வந்தவை 23 லட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றை எண்ணி, லாண்டன் என்பவரே வெல்வார் என்று அப் பத்திரிகை அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாகாணங்களில் 46-ஐக் கைக்கொண்டு வென்றார். அதனிற் பன்மடங்கு குறைந்த தொகையினரை விசாரித்த காலப் என்பவர் முடிவைச் சரியாகக் கூறியிருந்தார். டெலிபோன் வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களினின்று பத்திரிகை பெயர்களைத் திரட்டியது ஒரு பிழை. விடையனுப்ப மனமுள்ளவரின் விடை மட்டுமே வந்து சேர்ந்தது அதனினும் பெரிய பிழை. இக்காலத்து மாணாக்கர் கைப்பேசியில் வினாப்பத்திரம் ஒன்றைச் சமைத்து, வாட்ஸாப் குழுவில் நண்பருக்கு அனுப்பி, 200 விடைகள் வந்தன என்று மகிழ்வதைக் காணும்போதெல்லாம் அப் பழைய பத்திரிகையின் நினைவே எமக்கு வருகிறது.

இனி, வீடுகளைத் தெரிந்தெடுக்கும் வகையைக் கூறுவோம். முதலில் ஊர்களை வகைப்படுத்துக: நன்செய் ஊர், பந்தல் ஊர், புன்செய் ஊர், மலையடிவாரத்து ஊர், கடைவீதியுள்ள பேரூர் எனப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் சீட்டுக் குலுக்கி ஊரை எடுக்க. எடுத்த ஊரில் எல்லா வீட்டையும் வரிசைப்படுத்தி எண்ணிட்டு, அங்கும் குலுக்கியே வீட்டை எடுக்க. ஊர்த்தலைவர் காட்டும் வீடு, பேருந்து நிறுத்தத்துக்கு அண்மையிலுள்ள வீடு, நாய் இல்லாத வீடு ஆகிய மூன்றுமே விசாரணைக்காரருக்கு இனியவை. ஆதலால் மூன்றும் ஐயத்துக்குரியவை. பிரதான தெருவை மட்டும் முடித்துக்கொண்டு, ஊருக்குப் புறத்தேயுள்ள காலனிக்குச் செல்லாமல் திரும்புவோர் உளர். அவர் கொணரும் கணக்கு ஊரின் கணக்கன்று. பாதி ஊரின் கணக்கு.

சீட்டில் விழுந்த வீடு பூட்டியிருந்தால் என் செய்வது? அடுத்த வீட்டிற் கேட்டுக்கொள்ளலாம் என்பது எளிய வழி. இப் பள்ளத்தாக்கில் அதனினும் கெட்ட வழி இல்லை. கம்பம், கூடலூர், தேவாரம், போடி முதலிய இடங்களிலிருந்து தோட்டத் தொழிலாளர், அவருள்ளும் பெண்டிர் பெருந்தொகையினர், விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழிகளாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் மீள்கின்றனர். காலை பத்து மணிக்கு வினாப்பத்திரத்துடன் தெருவிற் புகும் மாணவர் முதியோரையும், கடைக்காரரையும், விடுப்பில் உள்ளோரையுமே காண்பார். அன்றாடக் கூலியைக் கொண்டு எண்ணெயும் பருப்பும் சோப்பும் வாங்குகிற கையை அவர் காணவே மாட்டார். பூட்டிய வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குச் செல்லச் செல்ல, அவருடைய மாதிரியில் கூலிக்காரர் குறைந்து நிலமுடையோர் பெருகுவர்; தாளிலோ எண்ணிக்கை குறையாதிருக்கும். எனவே பூட்டிய வீட்டுக்கு மாலையில் ஒருமுறையும், தோட்ட வேலை இல்லாத நாளில் ஒருமுறையும் திரும்பிச் செல்லுதல் வேண்டும். அப்பொழுதும் அடுப்பு மூட்டும் வேளையில் வாயிலில் நின்று நாற்பது வினா தொடுப்பது தகாது. களைத்து வந்த ஒருவர் பத்து வினாவுக்கு மெய்யாக விடையளிப்பார். பதினொன்றாவது முதல், நீங்கள் விரைவிற் போகத்தக்க விடையை அளிப்பார்.

வினாவை அமைப்பதே இக் கலையின் கடினமான பகுதி. 'நல்ல தேயிலைத்தூள்தானே வாங்குகிறீர்கள், அம்மா?' என்றால் இல்லையென்பார் யார்? நம் ஜனங்கள் வந்தவர் மனம் கோணாதிருக்கும்படி விடை கூறுவதை மரியாதையாகக் கொண்டவர். 'கடைசியாக வாங்கிய தூளின் உறை இருக்கிறதா, பார்க்கலாமா?' என்று கேட்பதே முறை. வருமானத்தைக் கேட்டால் வரிக்கோ கடன் தள்ளுபடிக்கோ கணக்கெடுக்கின்றனர் என்று எண்ணி, ஒன்று குறைப்பர் அல்லது பேச்சை மாற்றுவர். நம் தேசத்து மாதிரி அளவாய்வுத் துறையினர் 1950 முதல் வருமானத்தைவிடச் செலவையே பெரிதும் கேட்டு வந்தமைக்கு இத்தகைய தொல்லையும் ஒரு காரணம். அளவைகளிலும் எச்சரிக்கை வேண்டும். மூட்டை என்று ஒருவர் சொன்னால், எத்தனை கிலோ மூட்டை என்று கேட்டெழுதாத கணக்கு பயனற்றது. பெட்டிக்கும் தாருக்கும் அவ்வாறே. சொந்தச் சொல்லை வினாப்பத்திரத்தில் திணியாமல், அவ்வூரார் வழங்கும் சொல்லைக் கேட்டு அதனையே எழுதுக. இதன்பொருட்டே, விசாரணை தொடங்குமுன் பத்துப் பதினைந்து வீடுகளில் வினாப்பத்திரத்தைச் சோதித்துப் பார்க்கின்றனர்.

எத்தனை நாட் செலவைக் கேட்பது என்பதும் சிறிய விஷயமன்று. 1999-2000-ஆம் ஆண்டு நடந்த தேசிய மாதிரி அளவாய்வின் 55-ஆம் சுற்றில், உணவுப் பண்டங்களுக்கு ஏழு நாட் செலவையும் முப்பது நாட் செலவையும் ஒரே வீட்டாரிடம் ஒரே தாளில் அடுத்தடுத்துக் கேட்டனர். அதற்கு முந்திய சில சுற்றுகளில், இவ்விரண்டையும் வெவ்வேறு வீடுகளிற் கேட்டபோது ஏழு நாள் முறையில் செலவு மிகுந்து தோன்றியிருந்தது. இப்பொழுதோ விடையளித்தோரும் எழுதுவோரும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தொகைகளைச் சரிக்கட்டிவிட்டனர் என்னும் ஐயம் எழுந்தது. வறியோர் விகிதம் 1993-94-இல் நூற்றுக்கு 36 ஆயிருந்தது, 26 ஆகக் குறைந்தது என்று வெளிவந்த முடிவைப்பற்றிப் பொருளாதார நிபுணர்கள் பல ஆண்டு வாதிட்டனர். ஒரு தாளில் இரண்டு பத்திகளை அருகருகே அமைத்ததனால் கோடிக்கணக்கான மக்களின் நிலைமை பற்றிய முடிவே கலங்கிற்று. பின்னர் காய்கறி, எண்ணெய், முட்டை, மீன் போன்றவற்றுக்கு ஏழு நாளும், துணி, செருப்பு போன்றவற்றுக்கு ஓராண்டும், ஏனையவற்றுக்கு முப்பது நாளும் கேட்கும் முறை வந்தது. 2022-23-ஆம் ஆண்டு அளவாய்வில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று வினாக்களைப் பகுத்துக் கேட்டனர்.

நிற்க, கேட்டறிதல் போலவே கண்டறிதலும் ஒரு முறை. கம்பத்திலோ தேனியிலோ கடைவீதியில் ஓரிடத்தில் நின்று, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கால் கிலோ வாங்கினர், எத்தனை பேர் விலை கேட்டுத் திரும்பினர் என்று எண்ணுபவர், நூறு வினாவில் அறியாததை அறிவர். 1999-இல் மதுரையிற் தொடங்கிய உழவர் சந்தைகளில், மொத்த விலையைக் காலையிலேயே விசாரித்து, அதற்கும் சில்லறை விலைக்கும் இடைப்பட்டதாக அன்றைய விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகின்றனர். நாள்தோறும் நடக்கும் சந்தை விசாரணை அது. கல்லூரியார் சென்று கற்கத்தக்கது. ஏலக்காய்க்கோ, நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் புற்றடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தின் விவரங்கள் அன்றன்றே வெளிவருகின்றன. அவற்றைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குச் சென்றது என்பது ஊரெங்கும் பேச்சாயிற்று. அது அன்றைய உச்ச விலை. சராசரியோ வெகு தாழ்வு. மேலும், ஏலத்தில் வாங்கிய காயையே மீண்டும் ஏலத்துக்குக் கொணர்வோரும் உண்டாதலால், வந்த எடையைக் கூட்டி விளைச்சல் என்று எழுதுதல் கூடாது.

கல்லூரி மாணவரைக்கொண்டு விசாரணை நடத்துவது நம் பக்கத்துக்குப் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணாக்கரைத் தத்தம் ஊர்களைப்பற்றி விசாரித்தெழுதுமாறு ஏவினார்; அவை 1918-இல் நூலாயின. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களின் மறுவிசாரணையை 1940-இல் வெளியிட்டனர். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் ஆராய்ச்சித் துறையார், ஜே. எஸ். பொன்னையா தலைமையில், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களின் கிறிஸ்தவ மக்களுடைய பொருளாதார, சமூக நிலைமையை விசாரித்து 1938-இல் நூல் வெளியிட்டனர். தேனி அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1996-இல்தான்.

எழுதியவர் மெய்யாகவே சென்று எழுதினாரா என்பதை அறிய ஒரு வழியுண்டு. வங்காளத்தில் சணற்பயிரை அளவாய்ந்த மஹலநோபிஸ் கண்டது அது. ஒரே பகுதியினின்று ஒன்றோடொன்று கலந்த இரண்டு மாதிரிகளை எடுத்து, ஒன்றையொன்று அறியாத இரண்டு கூட்டத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இரு கூட்டத்தாரின் முடிவும் ஏறக்குறைய ஒத்திருப்பின் நம்பலாம். பெரிதும் வேறுபடின், யாரேனும் வினாப்பத்திரத்தைத் தேநீர்க் கடையில் அமர்ந்து நிரப்பியிருக்கலாம், அல்லது ஒரு கூட்டத்தார் வினாவை வேறு பொருளிற் கேட்டிருக்கலாம். செலவு சற்றுக் கூடும் என்பது மெய். முப்பது மாணவர் செல்லும் விசாரணையில் பதினைவராக இரு கூட்டமாக்குவதற்கு மேலும் ஒரு ஜீப் வாடகையே வேண்டுவது.

விசாரணை முடிந்தபின் தாள்களை எறிந்துவிடுவது நம் கல்லூரிகளிற் பெருவழக்கு. தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக் கிராமத்தை 1916-இல் மாணவர் விசாரித்து எழுதியது அச்சில் நின்றமையால், 1981-லும் 2008-லும் சென்ற ஆராய்ச்சியாளர் அதனோடு ஒப்பிட்டு நிலமும் கூலியும் மாறிய வகையைக் காட்ட முடிந்தது. சுருளிப்பட்டியில் இவ்வாண்டு எழுதப்படும் தாளிலும், நாள், மாதம், விசாரித்த வேளை, பூட்டியிருந்த வீடுகளின் தொகை, மூட்டையின் எடை ஆகிய யாவும் குறித்து, விடையளித்தோர் பெயரை மட்டும் நீக்கி, கலாசாலைப் புத்தகசாலையில் ஓர் அலமாரியில் வைத்தல் வேண்டும்.