ஹை லைன் தோட்டத்துல மார்ச் அறுப்பு: கத்தரியைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இருக்கிற தங்கச்சிகளா, மார்ச் வந்தாச்சு. மன்ஹாட்டன்ல பழைய சரக்கு ரயில் பாலத்து மேல இருக்கிற ஹை லைன் பூங்காவுக்கு, குளிர் முடிஞ்சு காய்ஞ்சு நிக்கிற செடிகளை அறுக்கிற தொண்டு வேலைக்குப் போறீங்களா? தாராளமா போங்க. இடம் மாநகராட்சிக்குச் சொந்தம். பராமரிக்கிறது 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி ஹை லைன்' அமைப்பு, அதுவும் பெரும்பாலும் நன்கொடையில. உங்க ரெண்டு கையும் அங்க நிஜமாவே வேணும். அவசரக் கை மட்டும் வேண்டாம்.

1. "இவ்வளவு காய்ஞ்சு கிடக்கே, குளிருக்கு முன்னாடியே வெட்டியிருக்கலாமே"ன்னு அங்க போய்ச் சொல்லாதீங்க. வேணும்னுதான் விட்டிருக்காங்க. விதையைக் குருவி தின்னும், உள்ளே பொள்ளலான தண்டுல பூச்சிங்க குளிரைக் கழிக்கும். 1980-ல கடைசி ரயில் போனதுக்கப்புறம் தண்டவாளத்துல தானா முளைச்ச காட்டைப் பார்த்துத்தான், 2009-ல திறந்த இந்தத் தோட்டத்துக்கு தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடால்ஃப் செடி தேர்ந்தெடுத்தார். காய்ஞ்ச தட்டையும் அவருக்கு அழகுதான்.

2. முதல்ல குனிஞ்சு பாருங்க, அப்புறம் கால் வைங்க. இதைத்தான் எல்லாரும் மறக்குறீங்க! சருகை விரலால ஒதுக்கினா, நகம் அளவுல பச்சை நுனி தெரியும். குரோக்கஸ், டாஃபடில் கிழங்குங்க எழும்புற நேரம் இது. மிதிச்சு மொட்டு ஒடிஞ்சா அந்தக் கிழங்குல இந்த வருஷம் பூ கிடையாது. பாலத்து மேல மண்ணும் சராசரியா 45 செ.மீ. ஆழம்தான், மிதிமிதின்னு மிதிச்சா இறுகிப்போகும். தோட்டக்காரர் காட்டின இடத்துல மட்டும் நில்லுங்க.

3. புல்லுத் தூரை முதல்ல கயிறால இடுப்பு உயரத்துல கட்டிடுங்க. அப்புறம் கட்டுக்குக் கீழ அறுங்க. ஒரே கட்டா கையோட வரும், சிதறினதைப் பொறுக்கி நேரம் வீணாகாது. செய்யக் கூடாதது:
 • பிடிச்சு இழுக்கிறது. வேரோட வந்துடும்.
 • தரையோட ஒட்ட வெட்டுறது. புதுத் துளிர் தூருக்கு நடுவுலதான் ஒளிஞ்சிருக்கும். நுனி அறுபட்டா வெயில்காலம் முழுக்க மொட்டையாத் தெரியும்.
 • குச்சியா நிக்கிற புதரை "செத்துப்போச்சு"ன்னு முடிவு கட்டுறது. கேட்டுட்டுத் தொடுங்க.

4. முழுக்கை சட்டை, கையுறை கட்டாயம். புல்லு விளிம்பு கையைக் கீறும். ஹட்சன் ஆத்துக் காத்து மேல சில்லுன்னு அடிக்கும். ஒரே கனமான கோட்டு வேண்டாம். வேலை சூடு பிடிச்சதும் ஒண்ணொண்ணா கழட்டுற மாதிரி ரெண்டு மூணு உடுப்பு போடுங்க. துப்பட்டா, தொங்கட்டான் எல்லாம் வீட்டுல.

5. பதிவு பண்ணாம நேரா போய் நிக்காதீங்க.

6. அறுத்ததோட மறந்துடாதீங்க, ஏப்ரல்ல ஒரு தரம் போய்ப் பாருங்க. தெற்கு முனையில, கேன்ஸ்வோர்ட் தெரு பக்கம், சர்வீஸ்பெர்ரி மரம் வெள்ளையா பூத்து நிக்கும். ரெட்பட் மரத்தை விட்டுடாதீங்க: இலை வர்றதுக்கு முன்னாடி, பலா காய்க்கிற மாதிரி அடிமரத்துலயே இளஞ்சிவப்புப் பூ ஒட்டிக்கிட்டு வரும். மே மாசம் அல்லியம் பூ ஊதா உருண்டையா எழும்பும். ஒண்ணே ஒண்ணுன்னு தலைக்குப் பறிக்கிற வேலை வேண்டாம், சொல்லிட்டேன்.

7. ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருந்தா ஞாயிறு மதியக் கூட்டத்துல இழுத்துட்டுப் போகாதீங்க, வாரநாள் காலைல போங்க. எல்லா வாசல்லயும் லிஃப்ட் கிடையாது. 14, 23-ம் தெருவுல இருக்கு. முட்டிவலிக்காரங்களுக்கு 34-ம் தெரு முனை இன்னும் நல்லது. அங்க பாதை படியே இல்லாம சரிவா தெருவுக்கே இறங்கிடும்.