சம்மன் முதல் ஜப்தி வரை: உழவர் அறிய வேண்டிய வழக்குச் சொற்கள்

நிலத் தகராறு இல்லாத ஊர் அபூர்வம். பாகப்பிரிவினை, வரப்பு, வண்டிப்பாதை, பொதுக்கிணற்றில் முறைத் தண்ணீர் என ஏதேனும் ஒன்று நீதிமன்றம் வரை போய்விடுகிறது. பயிற்சிக்கு வரும் உழவர்கள் உரத்தையும் களையையும் பற்றிக் கேட்டு முடித்தபின், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதுண்டு. உழவியல் கற்பிப்பவர் வழக்கறிஞருக்கு ஈடாக முடியாது. ஆயினும் அத்தாள்களில் வரும் சொற்களின் பொருள் தெரிந்தால், எதற்கு எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதாவது விளங்கும். சாட்சியம் இல்லாமல் தோற்பவரைவிட, நாள் தவறித் தோற்பவரைக் காணும்போதுதான் மனம் வருந்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கீழக்காட்டுக்காரரின் வண்டி, மேலக்காட்டுக்காரரின் நிலத்து ஓரமாகச் சென்று வருகிறது. அவ்வழியே வரக்கூடாது என்று மேலக்காட்டுக்காரர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். அவர் வாதி, கீழக்காட்டுக்காரர் பிரதிவாதி. வாதி தம் கோரிக்கையை எழுதித் தாக்கல் செய்வது வழக்குரை. பிராது என்பதும் அதுவே. அதன் நகலுடன் பிரதிவாதிக்கு வரும் நீதிமன்ற அழைப்பே சம்மன்.

சம்மனை வாங்காவிட்டால் வழக்கு நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது முற்றிலும் தவறு. வாங்க மறுத்தால், நீதிமன்ற ஊழியர் அதை வீட்டு வாயிற்கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். நாம் ஊரில் இல்லாதபோது, குடும்பத்தில் வயதுவந்த ஆணிடமோ பெண்ணிடமோ கொடுத்துச் செல்லவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே சம்மனை வாங்கிக்கொண்டு, வாங்கிய தேதியை அதன்மேலேயே குறித்து வைத்தல் நலம். அந்நாளிலிருந்து 30 நாள்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை அனுமதிக்கலாம்.

எதிருரையில், வாதி கூறும் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் கொள்ளக்கூடும். வழிநடைப் பாத்தியம் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 20 ஆண்டுகள் இடையீடின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்து வந்தால் கிடைக்கிறது. பாதை ஐந்தாறு ஆண்டுகளாகத்தான் உள்ளது என வாதி எழுதியிருக்க, நம் எதிருரை அதைப்பற்றி வாய் திறக்காவிட்டால் பாத்தியம் எங்கே நிற்கும்? எனவே எதிருரையில் கையெழுத்திடுமுன் அதை ஒருவரைக்கொண்டு படித்துக் கேட்பது அவசியம்.

சம்மன் கிடைத்தும் பிரதிவாதி வராவிடில், வாதியை மட்டும் விசாரித்து வழங்கும் தீர்ப்பு ஒருதலைத் தீர்ப்பு ஆகும். 'எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது' என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதனை நீக்கக் கோரும் மனுவைத் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள்களுக்குள் போட வேண்டும். சம்மன் முறைப்படி வந்து சேரவில்லையெனில், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள்கள். அதற்கும் பிந்தினால், தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு வேண்டும். அதை நீதிமன்றம் ஏற்கலாம், தள்ளவும் செய்யலாம். அறுவடை வேலை என்ற காரணம் எப்போதும் எடுபடாது.

தடையுத்தரவைச் சட்டத்தமிழில் உறுத்துக்கட்டளை என்பர். அவசரமாயின் எதிர்த்தரப்பைக் கேளாமலும் இடைக்காலத் தடை பிறப்பிக்கப்படலாம். அதை மீறி வரப்பை வெட்டினால் சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிறை என்று விளைவு கடுமையாகும். வழக்கு வரும் என்று முன்னரே தெரிந்தால் கேவியட் மனு போட்டு வைக்கலாம். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த வசதி இது. நமக்கு அறிவிப்புக் கொடுக்காமல் உத்தரவிடக்கூடாது என்பது இதன் பொருள். 90 நாள்களில் காலாவதியாகும். பின் புதிதாகப் போட வேண்டும்.

தீர்ப்பு என்பது காரணங்களைக் கூறுவது. தீர்ப்பாணை, அதாவது டிக்ரி, முடிவைக் கூறுவது. டிக்ரி கைக்கு வந்ததோடு வேலை முடிவதில்லை. எதிரி தாமாகப் பணியாவிடில் நிறைவேற்று மனு போட வேண்டும். பொதுவாக இதற்கு 12 ஆண்டுகள் தவணை உண்டு. போட்ட வேலியை அகற்று என்பது போன்ற கட்டளைக்கோ மூன்றே ஆண்டுகள்தான். டிக்ரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவோர் கவனிக்க வேண்டும்.

கடன் வழக்கின் டிக்ரியில் ஜப்தி வரும். இங்கும் உழவருக்குச் சட்டம் சிறிது காப்பு அளித்துள்ளது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, பிரிவு 60இன்படி, உழவர் பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் உழவு மாடுகள், விதை தானியம், உழவுக் கருவிகள், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது. நிலத்துக்கு இவ்விலக்கு இல்லை. அடமானம் வைத்த சொத்துக்கும் இதை நம்ப வேண்டாம்.

முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பின்மேல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்கள் தவணை. தீர்ப்பின் நகல் பெற ஆகும் நாள்கள் இதில் சேரா. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பாராது அங்கு உதவி உண்டு. இரு தரப்பும் இசைந்தால் வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அம்முடிவின்மேல் மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.