உழைச்செல்வார்: செவிலியர் பணியில் பரிவு

நோய் தீர்வதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் முடிபாகும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 950ஆம் குறளில், நோயுற்றவனையும் தீர்ப்பவனையும் மருந்தையும் சொன்ன வள்ளுவர், நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்றொருவனையும் சேர்த்து எண்ணுகிறார். உழை என்பது பக்கம், அருகு எனப் பொருள்படும் சொல். மருத்துவன் வந்து பார்த்துப் போகிறவன். உழைச்செல்வான் அருகிருந்து, மருத்துவன் சொன்னதை நடத்திக் காட்டுபவன். இன்றைய வழக்கில் அவரைச் செவிலியர் என்கிறோம்.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு உறுப்புகளுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளை எடுத்துரைக்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் கூறுவன: நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வல்லமை, அறிவு. அன்பு முதலில் நிற்கிறது. அறிவு இறுதியில் நிற்கிறது. இவ்வுரையைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியபோது, இவை நான்கும் தனித்தனிப் பண்புகள் என்றே மாணவர்க்குச் சொல்லி வந்தேன். என் தாயாரின் கட்டிலருகே பத்தொன்பது நாள்கள் இருந்த பின்னர் அவ்வாறு சொல்ல என்னால் இயலவில்லை. செவிலியரின் அன்பு, அவருடைய அறிவும் வல்லமையும் செல்லும் வழியிலேயே சென்று நோயாளியை அடைகிறது. அதற்கெனத் தனிவழி இல்லை. இக்கட்டுரை கூற முற்படுவது இஃதொன்றே.

அதற்குமுன் சொல்லைப் பற்றிச் சிறிது. செவிலி என்பவள் சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய். தோழியைப் பெற்ற தாய். மகள் உடன்போக்குச் சென்றபோது அவளைத் தேடிச் சுரம் வரை நடப்பவளும் அவளே. பெறாத பிள்ளைக்காக வருந்தும் இத்தாயின் பெயரை மருத்துவமனைப் பணிக்கு எடுத்து வழங்கியோர் சொல்லின் உள்ளீட்டை நன்கறிந்தவர்கள் என்றே கருதுகிறேன். இலங்கையிலும் மலேசியாவிலும் ‘தாதியர்’ என்னும் சொல் நிலைத்திருக்கிறது. நம் மருத்துவமனைகளிலோ எந்த மதத்தவரும் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கின்றனர். கிறித்தவத் துறவுச் சகோதரியர் நோயாளர் பணியில் ஈடுபட்டிருந்த காலத்தின் எச்சம் அது. எப்பெயரால் அழைத்தாலும் உறவு முறை ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருப்பது நோக்கத்தக்கது.

வார்டில் கண்டவை

என் தாயார் பக்கவாதத்தால் வலக்கை, வலக்கால் செயலிழந்து, பேச்சும் நின்ற நிலையில் சேர்க்கப்பட்டார். முதல் நாளே என்னை வியப்பிலாழ்த்தியது ஒரு கேள்வி. மாத்திரை கொணர்ந்த செவிலியர், “அம்மா, உங்க பேரு என்ன?” என்று கேட்டார், சற்றுப் பொறுத்தார், விடை வாராமை கண்டு, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையையும் கேஸ் ஷீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மருந்தைக் கொடுத்தார். “பேசமாட்டாங்கன்னு தெரியுமேம்மா, ஏன் கேக்குறீங்க?” என்றேன். “தினமும் கேக்கணும் சார். இன்னைக்குப் பேசலாம்ல?” என்றார்.

இக்கேள்விக்குப் பின்னால் ஒரு விதி இருப்பதைப் பின்னர் அறிந்தேன். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் சரிபார்த்தே மருந்து கொடுத்தல் வேண்டும் எனச் செவிலியர் பயிற்சியில் கற்பிக்கின்றனர். “நீங்கள்தாம் இன்னாரா?” என்று கேட்டால் மயக்கத்திலிருப்பவர் எதற்கும் ‘ஆம்’ எனத் தலையசைத்துவிடுவார். ஆதலின் பெயரை நோயாளியே சொல்லுமாறு கேட்பதே முறை. பிழை நேராமைப் பொருட்டு எழுந்த விதிதான். எனினும் ‘ஆறாம் பெட்’ என்று அழைக்கப்படும் இடத்தில் ஒருவரை நாள்தோறும் பெயருடைய மனிதராக நிறுத்துவதும் அதே விதியே. விதி எங்கே முடிந்தது, பரிவு எங்கே தொடங்கியது என்று என்னால் பிரித்துக் காண இயலவில்லை.

படுக்கையிலேயே கிடப்போரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம். உடலின் எடை ஒரே இடத்தில் அழுந்தும்போது அங்கே குருதியோட்டம் தடைப்பட்டுத் தோல் புண்ணாகிறது. குதிகால், இடுப்பின் பின்புறம், தோள்பட்டை போன்ற எலும்பு துருத்திய இடங்களே முதலில் கெடுவன. நள்ளிரவிலும் இருவர் வந்து, “அம்மா, திரும்பப் போறோம்” என்று காதருகே சொல்லி, உடலை இழுக்காமல் விரிப்போடு தூக்கித் திருப்பினர். இழுத்தால் தோல் உராயும். சொல்லாமல் தொட்டால் உறக்கத்திலிருப்பவர் திடுக்கிடுவார். பின்னர் முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை. இவையனைத்திற்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆயினும் அந்த ஐந்து நிமிடம் தவறாது வருதல் வேண்டும். ஓரிரவு தவறினால் தோன்றும் புண் ஆறப் பல வாரங்கள் ஆகலாம்.

உணவூட்டுவதை அவ்வளவு எளிதென்று நான் எண்ணியிருந்தேன். அன்புமிகுதியால் படுத்திருந்தவரின் வாயில் கஞ்சியை ஊற்ற முற்பட்டபோது என் கையைத் தடுத்தவர் ஒரு செவிலியரே. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கக்கூடும். உணவு மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகும். விழுங்கும் திறன் உண்டென்று சோதித்தறிந்த பின்னர், நிமிர்த்தி உட்காரவைத்து, உணர்வுள்ள பக்கத்தில் சிறிது சிறிதாக வைத்து, விழுங்கியதை உறுதிசெய்துகொண்டே அடுத்த வாய் ஊட்டுதல் வேண்டும். மகனின் அன்பு கஞ்சியை ஊற்றத் துணிந்தது; செவிலியரின் அன்பு பொறுத்திருக்கக் கற்றிருந்தது. அன்று நான் பெரிதும் நாணினேன்.

இன்னும் நுண்ணிய ஒன்று. நாடி பார்த்து முடித்த பின்னும் செவிலியர் மணிக்கட்டைப் பிடித்தபடியே சிறிது நேரம் நிற்பார். நாடி எண்ணுகிறார் என்றே எவரும் எண்ணுவர். அவரோ மார்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். ‘மூச்சை எண்ணுகிறேன்’ என்று சொன்னால் நோயாளியின் மூச்சு இயல்பு மாறிவிடும் என்பதாலேயே இந்த மறைப்பு. என் தாயார் அதனை ஆறுதலுக்காகக் கைபிடித்ததாகவே கொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் கொண்டதும் தவறன்று.

குறையும் கண்டேன். மறைப்புத்திரையை இழுக்காமலேயே உடை மாற்ற முனைந்தவரும், பக்கத்துக் கட்டிலினர் கேட்குமாறு ஒருவரின் மலச்சிக்கலை உரக்க விசாரித்தவரும் அதே வார்டில் இருந்தனர். வாழ்நாள் முழுதும் முக்காடு விலகாதிருந்த முதியவள் ஒருத்திக்கு அத்திரை ஒரு துணியன்று. மூத்த செவிலியர் ஒருவர் விரைந்து வந்து, எவரையும் கடிந்து பேசாமல் திரையை இழுத்துவிட்டுப் போனார். கற்பித்தலில் அதுவும் ஒரு வகை.

ஸ்குடாரி தரும் பாடம்

செவிலியர் வரலாற்றைப் பேசுவோர் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் (1820–1910) விளக்கோடு நின்றுவிடுகின்றனர். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் அவர் ஸ்குடாரி மருத்துவமனையை அடைந்தார். அப்பெண்களின் உழைப்பில் ஐயமில்லை. எனினும் அவர்கள் சென்ற பின்னரும் அக்குளிர்காலத்தில் சாவு பெருகியது. வீரர்களுள் பெரும்பாலோர் காயத்தால் மாளவில்லை. வயிற்றுப்போக்கு, காய்ச்சல் முதலிய நோய்களாலேயே மாண்டனர். கட்டிடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கியிருந்தது. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் தூய்மை செய்து காற்றோட்டத்திற்கு வழிசெய்த பின்னர் சாவு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நாடு திரும்பிய நைட்டிங்கேல் அப்புள்ளிவிவரங்களை வரைபடங்களாக வகுத்து, தூய்மைக்காகத் தம் வாழ்நாள் முழுதும் வாதாடினார். இரவில் விளக்கேந்திச் சென்ற பரிவு மட்டும் அவ்வீரர்களைக் காக்கப் போதவில்லை என்பதை அவரே எண்களால் உணர்ந்தார். பரிமேலழகர் அன்பையடுத்துத் தூய்மையை வைத்தது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது; உரையாசிரியர் கருதியது மனமொழிகளின் தூய்மையையும் சேர்த்தேயாயினும், மெய்யின் தூய்மையும் அதிலுண்டு. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகழுவும் செவிலியர் நம்மை அருவருக்கிறார் என எண்ணும் முதியோர் இன்றும் உளர். அவர் கழுவுவது நமக்காகவும் அடுத்த கட்டிலினர்க்காகவும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியம் பற்றிய நூலில் சிறு செயல்களுக்கே பேரிடம் தந்திருக்கிறார். நோயாளியின் அறைக்கு வெளியே தாழ்குரலில் பேசுவது அவரை வதைக்கும். அவர் தலையைத் திருப்பாமலே காணும் இடத்தில் அமர்ந்து பேசவேண்டும். கட்டிலின்மீது சாய்ந்து அதனை அசைக்கலாகாது. இவற்றைப் படிக்கும்போது, நோயாளியைக் காணச் செல்லும் நம்மில் எத்தனைபேர் தேர்வோம் என்ற ஐயம் எழுகிறது. நால்வர் கூடிக் கட்டிலைச் சூழ்ந்து நின்று, அதே நோயால் இறந்த உறவினர் கதையைச் சொல்லுவதுதானே நம் வழக்கம்!

இஸ்லாமிய வரலாற்றிலும் இப்பணிக்குத் தொன்மையான சான்று உண்டு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் அம்பு தைத்துப் புண்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா என்னும் பெண்மணி அமைத்திருந்த கூடாரத்தில் சேர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். புண்பட்டோர்க்குப் பணிபுரிவதையே தமக்குரிய தொண்டாகக் கொண்டவர் அப்பெண்மணி. கூடாரம் அமைந்த இடத்தை எண்ணிப் பார்த்தல் தகும். தொழுமிடத்திலேயே நோயாளிக்குக் கட்டில் இருந்தது.

நேரமின்மை

இவ்வளவும் ஏட்டளவில் சரி, இரவில் வார்டு முழுமைக்கும் ஒருவரோ இருவரோ நிற்கும் நம் மருத்துவமனைகளில் பரிவுக்கு நேரமேது என்று வினவலாம். இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. ஊசி போடுமுன் தடவிய ஸ்பிரிட் உலரும்வரை பொறுத்தால் எரிச்சல் குறையும். அதற்குச் சில நொடிகளே தேவை. வெந்நீர்ச் சூட்டை முதலில் தம் மணிக்கட்டில் பார்ப்பதற்கும் அவ்வளவே. இவற்றுக்கு நேரமின்மை காரணமாகாது. ஆனால் பேச்சிழந்தவர் ஒரு சொல்லைத் தேடும்வரை காத்திருப்பதற்கும், சாகும் தறுவாயிலிருப்பவரின் உலர்ந்த உதட்டை நனைத்த பஞ்சால் அடிக்கடி துடைப்பதற்கும் ஆள் வேண்டும். ஆளைக் குறைத்துவிட்டு முகமலர்ச்சியை மட்டும் கேட்பது அறமன்று. 2020இல் கோவிட் பெருந்தொற்றின்போது உறவினர் எவரும் நெருங்க இயலாத அறைகளில், முழுக்கவச உடைக்குள் வியர்த்தபடி, நோயாளியின் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்துக் குடும்பத்தாரின் குரலைக் கேட்கவைத்த செவிலியர் பலர். அவர்களைக் கைதட்டிப் பாராட்டினோம். பணியிடங்களை நிரப்புவதில் அந்த ஊக்கம் காணப்படவில்லை என்பது என் வருத்தம்.

இந்நாட்டில் இப்பணி ஒரு கல்வியாக வளர்ந்ததும் சென்ற நூற்றாண்டில்தான். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சி, 1946இல் பட்டப்படிப்பாக உயர்ந்தது. நம் சமுதாயப் பெண்கள் இப்படிப்பில் சேர்வதற்குப் பெற்றோர் காட்டிய தயக்கம் முன்னினும் குறைந்துள்ளது; முற்றும் நீங்கவில்லை. இரவுப்பணி, அயலாரைத் தொடும் பணி என்பன அவர்கள் சொல்லும் காரணங்கள். தம் வீட்டுப் பெண் நோயுற்றால் பெண் செவிலியரே வேண்டும் என்று கேட்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

பதினேழாம் நாள் காலை, வழக்கமான மாத்திரையோடு வழக்கமான கேள்வியும் வந்தது. என் தாயார் உதட்டைக் குவித்தார். செவிலியர் மாத்திரைத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, கட்டிலின் இடப்பக்கம் குனிந்து நின்றார். வார்டில் இன்னும் பலர் அவருக்காகக் காத்திருந்தனர். பெயரின் முதற்பாதி வந்தது, மறுபாதி வரவில்லை. “போதும்மா, நாளைக்கு மீதி” என்றார் அவர். பட்டையைச் சரிபார்த்து, மாத்திரையைக் கொடுத்து, அடுத்த கட்டிலுக்குப் போனார்.