அட்டிலும் அடைக்கலமும்

வழிச்செல்வோன் ஒருவனுக்கு ஊரார் அளிக்கத் தக்கவை யாவை? நிழல், நீர், தங்க இடம், உணவு என அவற்றை நான்காக வகுக்கலாம். இவற்றுள் முதல் மூன்றையும் ஊரார் நல்கி, உணவை மட்டும் வந்தவனே சமைத்துக்கொள்ளும்படி அடுப்பும் விறகும் கலங்களும் கொடுத்து உதவும் முறை ஒன்று உண்டு. சுற்றுச்சூழலுக்கு இசைந்தவை எனப் பெயர் பெற்று, நகர்க்கு வெளியே வயலும் தோப்பும் சூழ இக்காலத்தில் எழுந்துவரும் விடுமுறை விடுதிகளுட் சில இம்முறையையே மேற்கொண்டிருக்கின்றன. இது மேனாட்டாரிடமிருந்து வந்த புதுமை என்று எண்ணுவார் பலர். மதுரைக்கு இது புதிதன்று என்பதையும், இம்முறையில் விருந்தினனுக்குள்ள கடமை இன்னதென்பதையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். கோவலனும் கண்ணகியும் மதுரையை அடைந்தபோது, கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். மாதரி அவர்களைத் தன் இல்லத்திலேயே வைத்து உண்பித்திருக்கலாம். அவள் அவ்வாறு செய்திலள். வேலி சூழ்ந்ததும் செம்மண் பூசியதுமாகிய தனிச் சிற்றில் ஒன்றை அவர்களுக்கு ஒதுக்கினாள். கோவலன் சாவக நோன்பு உடையவனாதலின், அந்நோன்புக்கு ஏற்ப உணவு சமைத்தற்குத் தூய புதுக்கலங்களைத் தருவித்தாள். வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் நெல்லரிசியும் பாற்பயனும் அவ்வூர்ப் பொருள்களாகவே வந்து சேர்ந்தன. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டினாள். கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்து, முகம் வியர்க்கச் சமைத்தாள். கோவலன் ஓலைத் தவிசில் அமர்ந்து வாழைக் குருத்தில் உண்டான். உண்டபின் எஞ்சியவை மண்ணோடு கலந்துவிடக் கூடிய இலையும் சாம்பலுமே. இன்றைய விடுதிக்காரர் தம் விளம்பரத்தில் எழுதும் சிறப்புக்கள் யாவும் இக்கொலைக்களக் காதையின் தொடக்கத்தில் அமைந்திருத்தல் காண்க.

இனி, நாயக்கர் காலத்துக்கு வருவோம். 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும், சாலையோர மரங்களோடும், சத்திரங்களோடும் இணைத்து வழங்கப்பெறுகின்றது. மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் ஒன்று உள்ளது. இருப்புப்பாதை 1875ஆம் ஆண்டில் மதுரையை எட்டுமுன், மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தோர்க்குச் சத்திரமே புகலிடம். சிலவற்றில் அன்னதானம் நடந்தது. பிறவற்றில் வழிப்போக்கர் அரிசியும் புளியும் மூட்டையிற் கொணர்ந்து, கிணற்றில் நீர் இறைத்து, மூன்று கல் கூட்டிப் பொங்கி உண்டனர். ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. அக்காலத்தில் தானே சமைத்தற்குப் பெருங்காரணம், பிற சாதியார் கைபட்டதை உண்ணலாகாது என்ற கொள்கையாகும். பல சத்திரங்களின் கதவு எல்லார்க்கும் திறந்திருந்ததில்லை. ஆகவே, பழைய முறையின் எளிமையைக் கொண்டு, அதன் வேற்றுமையைத் தள்ளுதலே நமக்கு உரியது. ஓர் அடுப்பில் பலரும் கூடிச் சமைத்தல் அத்தீமைக்கு மருந்தும் ஆகும்.

இத்தகைய விடுதிக்கு மதுரைச் சமவெளி ஏற்றதா என்பது அடுத்த வினா. நாட்டு ஓடு வேய்ந்த கூரையும், சுண்ணாம்புச் சுவரும், நடுவே முற்றமும் உடைய வீடு இந்நிலத்தின் வெம்மைக்கு ஏற்றது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை விரைவில் உள்ளே விடாது. முற்றத்தின் வழியே வெங்காற்று மேலெழுந்து வெளியேறும். நீர் ஒன்றே இங்கு அரிது. மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே பெய்துவிடும். எஞ்சிய மாதங்கட்காகவே முன்னோர் கண்மாய்களை வெட்டினர். ஒரு சதுர மீட்டர்க் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 60 சதுர மீட்டர்க் கூரையில் ஓராண்டில் விழுவது 51,000 லிட்டர். சிதறியும் ஆவியாகியும் போவதை ஐந்தில் ஒரு பங்கு எனத் தள்ளினாலும் 40,000 லிட்டருக்கு மேல் எஞ்சும். அறுவர் தங்கி, நாளொன்றுக்கு ஆளுக்கு 50 லிட்டர் செலவிட்டால் அது 130 நாட்களுக்குச் சற்று மேற்பட வரும். கட்டின்றிச் செலவிட்டால் அதிற் பாதிநாள்கூட வராது. தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. சேகரித்தல் சட்டத்தால் நிகழலாம். சிக்கனம் தங்குவோன் கையிலேயே உள்ளது.

இவ்வுண்மையை யாம் நூலினின்று கற்றிலேம். சென்ற பொங்கல் விடுமுறையில் எம் வகுப்பினர் அறுவர், அழகர்மலைப் பக்கத்தே இத்தகைய சிறுவிடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்கினோம். அருகே குடியிருந்த முதிய அம்மையார் அடுப்பையும் பானைகளையும் காட்டி, “தம்பிகளா, தொட்டித் தண்ணீர்தான் உங்களுக்கு, பார்த்துப் புழங்குங்கள்,” என்று சொல்லிச் சென்றார். யாம் அதனைப் பொருட்படுத்தினோமில்லை. குளித்தும் துவைத்தும் பாத்திரம் கழுவியும் மாலைக்குள் தொட்டியை வெறுமையாக்கினோம். சிறிது நேரத்தில் அவ்வம்மையார் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடம் நீரைத் தோட்டக் கிணற்றிலிருந்து சுமந்து வந்து, எம் வாயிலில் வைத்தார். ஒரு சொல்லும் கடிந்துரைத்தாரல்லர். “சோறாக்க வேண்டாமா?” என்று மட்டுமே கேட்டார். அன்றிரவு எம்முள் எவரும் உரக்கப் பேசவில்லை. மறுநாள் விடியுமுன் யாமே கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பினோம். ஆளுக்கு மூன்று வாளி என அளந்துகொண்டோம். அரிசி கழுவிய நீரை முருங்கைக்கு ஊற்றினோம். அந்த மூன்று வாளி எமக்குப் போதியதாகவே இருந்தது.

மீண்டும் மாதரியை நினைக்கின்றோம். கோவலன் கொலையுண்டதும் கண்ணகி ஊரை விட்டு நீங்கியதும் அறிந்த அவள், தன்னிடம் ஒப்புவித்த அடைக்கலத்தை இழந்தேன் எனத் தீப்பாய்ந்தாள் என்பது நீர்ப்படைக் காதையால் தெரியவரும். விருந்தினனை ஏற்றல் என்பது அவளுக்கு உயிரினும் பெரிதாயிருந்தது. அவ்வாறாயின், ஏற்கப்பட்ட விருந்தினனிடம் ஒன்றும் ஒப்புவிக்கப்படவில்லையா? அவன் துயிலும் கூரை, இறைக்கும் கிணறு, எரிக்கும் விறகு, நிழல் தரும் மரம் ஆகிய இவை யாவும் அவனிடம் இரண்டு நாளைக்கு அடைக்கலமாக வைக்கப்பட்ட பொருள்களே. உணவு பரிமாறும் பெருவிடுதியில் இவ்வுண்மை மறைந்துபோம். நீர் எங்கிருந்து வந்தது, எச்சில் எங்கே போயிற்று என்று அங்கே எவரும் வினவுவதில்லை. தானே அடுப்பூதும்போதுதான் அது கண்ணுக்குப் புலனாகும்.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதி 2022ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அப்பக்கத்து மலைகளையும் சுனைகளையும் காண வருவோர் பெருகுதல் இயல்பே. வருவோர்க்கு விடுதிகளும் எழும். அவை நிலத்துக்கு நன்மையாகுமா, சுமையாகுமா என்பது கூரையின் ஓட்டைப் பொறுத்ததன்று. பலகையில் எழுதிய பெயரைப் பொறுத்ததுமன்று. புறப்படும் நாளில் அடுப்பைத் துடைத்துத் தொட்டியை நிரப்பி வைத்துப் போவாரைப் பொறுத்தது. அடுத்த விடுமுறையில் அவ்வாறு போக எண்ணும் எம் தோழர்க்கு யாம் கூறுவது ஒன்றே: முதலில் தொட்டியைப் பாருங்கள், பிறகு அடுப்பை மூட்டுங்கள்.