பழைய கணனியை எறியுமுன்

சென்ற தைப்பூசத்தன்று அன்னதான மண்டபத்தில் பெரியவர் ஒருவர் என்னை மறித்தார். "தம்பி, அப்பாவின்ரை கொம்பியூட்டரிலை வைரஸ் பிடிச்சு எழுத்தெல்லாம் கெட்டுப் போச்சு. எறியப் போறம். நீர் ஒருக்கால் வந்து பாரும்" என்றார். கணக்காளருக்குக் கணனி திருத்தவும் தெரியும் என்பது எம்மவரின் நம்பிக்கை. ஓரளவுக்கு அது உண்மைதான். வரி காலத்தில் கணனி மக்கர் பண்ணினால் பழுதுபார்ப்பவரைத் தேடிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரம் இராது.

ஸ்காபறோவில் அவர்களது வீட்டு நிலக்கீழ் அறையில், ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் கணனி இருந்தது. திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. ஒரு சொல்லைக் கவனித்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வைரஸ் ஒன்றும் இல்லை. அது "அம்மா" என்ற சொல்.

அந்தக் காலத்தில் எம்மில் பெரும்பாலோர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அதன் விசை ஒழுங்கு தமிழ்த் தட்டச்சுப் பொறியைப் பின்பற்றியது. ஆனால் நீங்கள் "அ" அடித்தால் கணனி அதைத் தமிழ் எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலச் சின்ன "எம்" என்றே சேமிக்கும். பாமினி அந்த இடத்தில் "அ" என்ற உருவத்தை வரைந்து காட்டும். கணனியை மாற்றினாலோ விண்டோஸைப் புதிதாகப் போட்டாலோ பாமினி காணாமற் போய்விடும். உள்ளே இருந்த ஆங்கிலம் அப்படியே வெளியே தெரியும். கோப்புக்கு எந்தச் சேதமும் இல்லை.

பரிகாரம் ஐந்து நிமிட வேலை. பாமினி எழுத்துருக் கோப்பை நம்பிக்கையான இடத்திலிருந்து இறக்கி, அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி "இன்ஸ்டால்" கொடுங்கள். பின்னர் ஆவணத்தைத் திறந்து, தமிழ்ப் பகுதியைத் தெரிவுசெய்து, எழுத்துருவைப் பாமினி என்று மாற்றுங்கள். அன்று நாங்கள் அப்படிச் செய்ததும் திரையில் வந்தது அந்தக் குடும்பத்தின் வம்சாவளி. யாருடைய திதி எப்போது, ஊர்க் காணியின் நான்கு எல்லைகள் எவை என்பதெல்லாம் அதில் இருந்தன. 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்வில் உறுதிகளையும் சாதகங்களையும் விட்டுவிட்டு வந்த மனிதர், இங்கே வந்து நினைவிலிருந்து எழுதி வைத்தவை அவை. அவர் இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

வாசிப்பதற்கு இவ்வளவே போதும். பிள்ளைகளுக்கு அனுப்பவும், தேடவும், கைத்தொலைபேசியில் பார்க்கவும் வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆனாலும் வீடுகளில் அது புழக்கத்துக்கு வரப் பல வருடங்கள் சென்றன. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி எம்மவர் பலருக்குக் கைகொடுத்தது. வங்கி விபரங்கள் உள்ள கடிதங்களை மட்டும் இணையப் பக்கங்களில் ஒட்டாதீர்கள்.

மாற்றும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. பாமினியில் "இ" என்ற எழுத்து இருப்பது காற்புள்ளி விசையில். எனவே சாதாரண எழுத்துருவில் அடித்த 1,000 என்ற தொகையையும் சேர்த்து மாற்றியில் போட்டால் 1இ000 என்று வரும். நன்கொடைப் பட்டியலில் இதைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஆங்கிலத்தில் அடித்த முகவரியும் இப்படித்தான் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே தமிழ்ப் பந்திகளை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிரதியை மூத்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பழைய கோப்பை அழிக்காதீர்கள்.

அதே கணனியில் வேறொரு தொல்லையும் இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி எடுத்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது வங்கியின் பக்கம் "பாதுகாப்பற்றது" என்று எச்சரித்துத் திறக்க மறுக்கும். கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று வீட்டார் பயந்து போயிருந்தார்கள். காரணம் சிறியது. ஒவ்வொரு பாதுகாப்பான இணையத்தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணனியின் நாட்காட்டி தவறானால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு பற்றரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032, 3 வோல்ட். பல கார்ச் சாவிகளில் இருப்பதும் இதுவே. மின்வயரைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து மாற்றுங்கள். சில டொலர்தான் செலவு. மடிக்கணனியானால் கடையில் கொடுப்பது நல்லது.

பெட்டியைத் திறந்ததும் தூசியையும் பாருங்கள். எமது வீடுகளில் தாளிதப் புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து விசிறியில் பிசுக்காக ஒட்டிவிடும். காற்று போகாமல் கணனி சூடாகித் தானே நின்றுவிடும். விசிறியைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றுக் குப்பியால் ஊதுங்கள்.

ஆறுதலாக ஓடுகிறது என்றால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, "ஸ்டாட்அப்" பட்டியலில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். வைரஸ் காவல் மென்பொருளில் கை வைக்காதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதே பலன் தரும். நான் பார்த்த அளவில் பழைய கணனிக்குச் செலவு செய்யத் தகுந்த விடயம் அது ஒன்றுதான்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. பல பழைய கணனிகள் விண்டோஸ் 11ஐ ஏற்கா. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணனியில் வங்கி வேலை செய்யவேண்டாம். இணையத்தைக் கழற்றிவிட்டு, எழுதவும் பழைய கோப்புகளை வாசிக்கவும் வைத்திருக்கலாம். "உங்கள் கணனியில் வைரஸ், நாங்கள் மைக்ரோசொஃப்ட்" என்று தொலைபேசி வந்தால் வைத்துவிடுங்கள். அந்த நிறுவனம் அப்படி வலிய அழைப்பதில்லை.

எறியத்தான் வேண்டுமென்றால் முதலில் கடிதங்கள், படங்கள், வரிப் பத்திரங்கள் அனைத்தையும் இரண்டு யூ.எஸ்.பி.களில் எடுத்து, ஒன்றை மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ வையுங்கள். வரி ஆவணங்களை, அவை சம்பந்தப்பட்ட வரி ஆண்டின் முடிவிலிருந்து ஆறு வருடங்கள் கனடாவில் வைத்திருக்கவேண்டும். திறந்து பார்த்தபோது எழுத்துப் புரியவில்லை என்பதற்காக எந்தக் கோப்பையும் தள்ளிவிடாதீர்கள். முதல் வரியில் எம், கே, அரைப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.