கூட்டு வாழ்வும் மின் கட்டணமும்

ஊர்விட்டு ஊர் சென்று தொழில் புரிவார்க்கும் கல்வி கற்பார்க்கும் தங்கி வாழ ஓர் இடம் வேண்டும். நகரங்களில் ஒருவர் தனியே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தல் எளிதன்று. ஆதலின் நால்வர் ஐவர் ஒன்றுகூடி ஒரு வீட்டை எடுத்து, வாடகையைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரே கூரையின்கீழ் உண்டும் உறங்கியும் வாழுங்கால் அவர்களிடையே உடன்பிறந்தாரைப் போன்ற அன்பு வளர்தல் இயல்பு. ஆயினும் அவ்வன்பைச் சோதிக்கும் செய்திகளும் சில உள. அவற்றுள் ஒன்று, இரண்டு திங்களுக்கு ஒருமுறை வரும் மின் கட்டணம்.

வாடகை முன்னரே வரையறுக்கப்பட்டது. அதனை நான்கால் வகுத்தால் அவரவர் பங்கு விளங்கிவிடும். மின் கட்டணமோ செலவுக்கு ஏற்பக் கூடும், குறையும். வாயிற்சுவரில் உள்ள மின்மானி மொத்தச் செலவை மட்டுமே காட்டும். செலவிட்டவர் யார், எவ்வளவு செலவிட்டார் என்பவற்றை அது கூறாது. பூசல் பிறக்கும் இடம் இதுவே.

யூனிட் கணக்கு

மின்சாரத்தை அளக்கும் அலகு யூனிட் எனப்படும். 1000 வாட் ஆற்றலுடைய ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். 75 வாட் மின்விசிறி ஒன்று நாள்தோறும் 10 மணி நேரம் சுழன்றால், 60 நாட்களில் 45 யூனிட் செலவாகும். 10 வாட் விளக்கு ஒன்று நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், அதே 60 நாட்களில் செலவாவது 3 யூனிட்டே. 2000 வாட் ஆற்றலுடைய வெந்நீர் ஹீட்டரோ நாள்தோறும் அரைமணி நேரம் இயங்கினாலே 60 யூனிட்டை விழுங்கிவிடும்.

இவ்வுண்மையை அறியாதார் பலர். கண்ணுக்குத் தெரியும்படி எரியும் விளக்கையே அவர்கள் குறை கூறுவர். குளியலறையில் ஓசையின்றி நீரைச் சூடாக்கும் ஹீட்டரை எண்ணிப்பாரார்.

கோவையில் ஒரு வீடு

நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின், கோவையில் ஆலைகள் பல பெருகின. தொழிலும் கல்வியும் நாடி இன்றும் பலர் அந்நகருக்கு வருகின்றனர். அங்கே மாடியறை ஒன்றுடைய ஒரு சிறு வீட்டில் நால்வர் வாழ்கின்றனர் என்று கொள்க. ஒருவர் பஞ்சாலைத் தொழிலாளர், நால்வருள் மூத்தவர். இரவில் ஆலையில் உழைத்துப் பகலில் உறங்குபவர். மற்றொருவர் துணிக்கடைக் கணக்கர். மூன்றாமவர் கல்லூரி மாணவர்; ஊரிலிருந்து தந்தை அனுப்பும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடுபவர். நான்காமவர் கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் ஊழியர். வீட்டிலிருந்தே தம் பணியைச் செய்பவர்.

அவ்வீட்டில் இரண்டு திங்களுக்கு 340 யூனிட் செலவாகி வந்தது. நான்கு மின்விசிறிகளுக்கு 180, குளிர்பதனப் பெட்டிக்கு 60, ஹீட்டருக்கு 60, நீர் இறைக்கும் மோட்டாருக்கு 22, விளக்கு முதலியவற்றிற்கு 18 என்பது அதன் விவரம். அனைவரும் ஏறத்தாழ ஒரே அளவில் செலவிட்டமையால் கட்டணத்தைச் சமமாகப் பகிர்ந்தனர். எவரும் மனம் வருந்தவில்லை.

கோடை வந்தது. மாடியறையில் இருந்தவர் கணிப்பொறி ஊழியர். தளத்தின் வெம்மை நேரே அவ்வறையில் இறங்கியது. பகலெல்லாம் அங்கேயே அமர்ந்து பணிபுரிதல் அரிதாயிற்று. எனவே அவர் தம் செலவில் ஏ.சி. ஒன்றைப் பொருத்தினார். அதற்கெனச் சப் மீட்டர் ஒன்றையும் வைத்தார். இரண்டு திங்கள் கழிந்தபின் சப் மீட்டர் 240 யூனிட்டைக் காட்டியது. வீட்டின் மொத்தச் செலவு 580 யூனிட் ஆயிற்று.

படி தாண்டிய கட்டணம்

யூனிட் மிகுந்த அளவிற்கே பணமும் மிகும் என்று எண்ணுதல் தவறு. தமிழ்நாட்டில் வீடுகளுக்குரிய மின் கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் அமைக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. பின்னர் விலை மாறியிருப்பினும் முறையை விளக்க அது போதும்.

இரண்டு திங்களில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. இச்சலுகை 2016-ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டது. மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் அடங்கினால், 101 முதல் 200 வரை யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டாலோ, 101 முதல் 400 வரை உள்ள அனைத்திற்கும் 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய்.

இம்முறைப்படி 500 யூனிட்டுக்கு உரிய கட்டணம் 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கு உரியதோ 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் மிகுந்தமையால் 233 ரூபாய் கூடுதலாயிற்று! அவ்வீட்டார் முன்பு 340 யூனிட்டுக்குச் செலுத்தியது 855 ரூபாய். ஒருவர் பங்கு 213 ரூபாய் 75 காசு. இப்போது 580 யூனிட்டுக்கு வந்ததோ 2590 ரூபாய்.

மூவகைப் பகிர்வு

கட்டணத்தைக் கண்ட கணக்கர், வழக்கம்போல் நான்கால் வகுத்தார். ஒருவர் பங்கு 647 ரூபாய் 50 காசு ஆயிற்று. மாணவர் முகம் வாடிற்று. மாடியறையின் குளிர்ச்சியை அவர் ஒருநாளும் நுகர்ந்ததில்லை. அதற்குரிய விலையை மட்டும் ஏற்க நேர்ந்தது. “நீயும் இரவு நெடுநேரம் விளக்கெரித்துப் படிக்கின்றாயே!” என்றார் கணக்கர். மாணவர் சினவாது ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டார். தம் விளக்கு இரண்டு திங்களில் கொண்டது 3 யூனிட்டே என்று காட்டினார்.

பின்னர் அவர் வேறொரு முறையைக் கூறினார். “முன்பு 855 ரூபாய் வந்தது. ஏ.சி. வந்தபின் 1735 ரூபாய் கூடிற்று. கூடிய தொகை முழுவதையும் ஏ.சி. வைத்தவரே ஏற்றல் முறை” என்றார். அவ்வாறாயின் கணிப்பொறி ஊழியர் தம் பழைய பங்கையும் சேர்த்து 1948 ரூபாய் 75 காசு தருதல் வேண்டும்.

அவர் அதற்கு இசையவில்லை. “அண்ணா, என் 240 யூனிட்டை முதலில் வைத்து எண்ணிப் பாருங்கள். கட்டணமில்லாத 100 யூனிட் போக, அதற்கு 405 ரூபாய்தானே ஆகின்றது? நாம் நால்வரும் பயன்படுத்தும் யூனிட்டை முன்னே வைத்து, என்னுடையதைப் பின்னே வைத்து எண்ணுவதால் அன்றோ இவ்வளவு தொகை என் தலையில் விழுகின்றது? வெயில் இறங்கும் மாடியறையை எவரும் விரும்பாதபோது நான்தானே ஏற்றேன்?” என்று ஆலைத் தொழிலாளரிடம் முறையிட்டார்.

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆலைத் தொழிலாளர் சற்றே சிந்தித்துக் கூறலானார்: “தம்பி, மின்மானிக்குள் முன் வந்த யூனிட் என்றும் பின் வந்த யூனிட் என்றும் வேற்றுமை இல்லை. கட்டணத்தை உயர்த்தியது நம் அனைவருடைய மொத்தச் செலவே. ஆகையால் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை வைப்போம். ஏ.சி. கொண்ட 240-க்கு உரியதை நீ தனியே கொடு. மீதி 340-க்கு உரியதை நால்வரும் சமமாகப் பகிர்வோம்.”

அம்முறைப்படி ஏ.சி.க்கு ஏறக்குறைய 1072 ரூபாயும், பொதுச் செலவுக்கு 1518 ரூபாயும் ஆயின. கணிப்பொறி ஊழியர் பங்கு ஏறக்குறைய 1451 ரூபாய். ஏனையோர் பங்கு ஏறக்குறைய 380 ரூபாய். அனைவரும் இதற்கு இசைந்தனர். எனினும் மாணவர்க்கு அதுவும் பெருஞ்சுமையே.

பங்கீட்டினும் சிறந்தது சிக்கனம்

அப்போது கணக்கர் ஒன்று கண்டார். 580 யூனிட்டை 500-ஆகக் குறைத்தால் கட்டணம் 2590 ரூபாயிலிருந்து 1725 ரூபாயாக இறங்கும். 80 யூனிட்டைச் சேமித்தால் 865 ரூபாய் மிஞ்சும். அதுகாறும் ஒருவர் சுமையை மற்றொருவர் மீது மாற்றவே அவர்கள் முயன்றனர். சுமையையே குறைக்கலாம் என்பதை அப்பொழுதே உணர்ந்தனர்.

கோடைக்காலத்தில் வெந்நீர் எதற்கு? ஹீட்டரைப் பாதியளவு குறைப்பதென மூவரும் உறுதி கூறினர். 30 யூனிட் குறையும். உச்சிவேளையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஏ.சி.யை நிறுத்திக் கீழ்க்கூடத்தில் அமர்ந்து பணிபுரிவதாகக் கணிப்பொறி ஊழியர் உரைத்தார். 50 யூனிட் குறையும். கீழே உறங்கும் ஆலைத் தொழிலாளர்க்கு இடையூறு நேராதவாறு பேச்சைத் தாழ்த்திக்கொள்வதாகவும் அவர் வாக்களித்தார்.

அடுத்த இரண்டு திங்களில் செலவு 500 யூனிட்டுக்குள் அடங்கியது. அவர் பங்கு ஏறக்குறைய 923 ரூபாய் ஆயிற்று. ஏனையோர் பங்கு ஏறக்குறைய 267 ரூபாயே. நால்வர்க்கும் நன்மை விளைந்தது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

கூடி வாழ்வார் அனைவர்க்கும் இந்நிகழ்ச்சியிற் பாடம் உண்டு. பகிரும் முறையைக் கட்டணம் வந்தபின் ஆராய்தல் கூடாது. குடிபுகும்போதே பேசி முடித்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். மிகுதியாக மின்சாரம் கொள்ளும் தனிக் கருவிக்குச் சப் மீட்டர் வைத்தல் நலம். வாரந்தோறும் மின்மானியைப் பார்த்துக் குறித்துவந்தால், செலவு எல்லையைத் தாண்டுமுன் விழித்துக்கொள்ளலாம். ஒருவர் விடுமுறைக்கு ஊர் சென்றால், அவர் இல்லாத நாட்களுக்குரிய மின்விசிறிச் செலவைக் கழிக்கலாம். ஆயின் குளிர்பதனப் பெட்டி போன்ற பொதுச் செலவில் அவர் பங்கு நீங்காது. ஒருவர் வீட்டைவிட்டு விலகினால், அன்றைய மின்மானி அளவைக் குறித்துக் கணக்கை முடித்தல் வேண்டும்.

கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்டணத்தைச் செலுத்துதல் வேண்டும். ஒருவர் தம் பங்கைக் காலத்தில் தாராராயின், மின்சாரம் நின்று நால்வரும் இருளில் இருக்க நேரும். செலுத்தியதற்குரிய சீட்டை அனைவரும் காணுமிடத்தில் வைத்தால் ஐயத்திற்கு இடமிராது.

நண்பரிடம் கணக்குப் பார்த்தல் சிறுமை என்று சிலர் கருதுவர். கணக்கின்மையால் உள்ளத்தில் ஐயம் புகுமாயின் நட்பே குலையும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் பழமொழி. அளந்து பார்த்ததனாலேயே மாணவர் தம்மீது வந்த பழியை நீக்கினார். கணக்கர் சேமிக்கும் வழியைக் கண்டார். பிறர் குறையையும் கேட்டு, தம் வசதியில் ஒரு சிறிது விட்டுக்கொடுத்தமையால் நால்வரும் ஒரு வீட்டாராய் வாழ்ந்தனர். கூடி வாழ்வார்க்குச் செவ்விய கணக்கும் விட்டுக்கொடுக்கும் உள்ளமும் ஒருங்கே வேண்டும்.